எத்தனை தடவை என்று எழுதுகிறீர்கள், எத்தனை கிலோ என்று எழுதுவதில்லை: பிசியோதெரபி துறைத் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய துறைத் தலைவர்களுக்கும், நோயாளிகளுக்கான வீட்டுப் பயிற்சித் தாள்களைத் தயாரிக்கும் பொறுப்பில் இருப்பவர்களுக்கும்,

வணக்கம்.

முழங்கால் மாற்று அறுவை, இடுப்பெலும்பு முறிவு, தோள் வலி, பக்கவாதம் என்று காரணம் எதுவாக இருந்தாலும் நோயாளி கையில் போகும் பயிற்சித் தாள் பெரும்பாலும் ஒரே அச்சில்தான் இருக்கிறது. ஒரு கோட்டுப் படம், அதன் கீழே "10 தடவை, 3 செட், தினமும் இரு வேளை". எவ்வளவு பளு என்று இல்லை. அதை எப்போது கூட்டுவது, எந்த வேகத்தில் செய்வது, செட்டுகளுக்கு நடுவே எவ்வளவு நேரம் ஓய்வெடுப்பது, எந்த அறிகுறி வந்தால் நிறுத்துவது, எதுவுமே இல்லை. மருந்துச் சீட்டில் மாத்திரையின் பெயரை எழுதி மில்லிகிராமை விட்டுவிட்டால் மருந்துக்கடையிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். பயிற்சித் தாளைத் திருப்பி அனுப்ப யாரும் இல்லை.

நாங்கள் கேட்பது இதுதான். அந்தத் தாளில் பளுவை எழுதவும், பளுவைக் கூட்டும் விதியை எழுதவும் இடம் வேண்டும். அந்த இடம் காலியாக இருக்கும் தாளோடு எந்த நோயாளியும் துறையை விட்டு வெளியே போகக்கூடாது.

அந்த 10-ம் 3-ம் எங்கிருந்து வந்தன என்று பார்த்தாலே பாதி விஷயம் விளங்கிவிடும். அமெரிக்க ராணுவ மருத்துவர் தாமஸ் டிலோர்ம், இரண்டாம் உலகப் போரில் காயம்பட்ட வீரர்களுக்குக் கனமான பளுவைக் கொடுத்துப் பயிற்சி அளித்து, அதை 1945-இல் எழுதி வெளியிட்டார். முதலில் அவர் கொடுத்தது ஏழு முதல் பத்து செட் வரை. 1948-இல் மருத்துவர் வாட்கின்ஸோடு சேர்ந்து அதை மூன்றாகக் குறைத்தார். முதலில் நோயாளி சரியாகப் பத்து முறை தூக்க முடிந்து பதினோராவது முறை தூக்க முடியாத பளுவைக் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு 10 ஆர்எம் என்று பெயர். முதல் செட் அதில் பாதிப் பளுவில், இரண்டாவது முக்கால் பளுவில், மூன்றாவது முழுப் பளுவில். அதாவது முதல் இரண்டு செட்டும் தசையைத் தயார்ப்படுத்தத்தான். வேலை நடப்பது மூன்றாவதில். 1951-இல் சினோவியெஃப் இந்த வரிசையைத் தலைகீழாக்கி, களைப்பு வருமுன் முழுப் பளுவை முதலில் வைத்தார். அது ஆக்ஸ்ஃபோர்டு முறை. எந்த வரிசையானாலும் ஒரு செட்டாவது உண்மையிலேயே கனமாக இருந்தது. பிற்காலத்துத் தாள்களில் 10-உம் 3-உம் தங்கிவிட்டன, ஆர்எம் உதிர்ந்துவிட்டது.

பளு ஏன் இவ்வளவு முக்கியம்? தசைக்குள் இருக்கும் இயக்க அலகுகளை (ஒரு நரம்பணுவும் அது இயக்கும் தசை நார்களும் சேர்ந்தது ஓர் அலகு) நரம்பு மண்டலம் ஒரு வரிசைப்படிதான் வேலைக்கு எழுப்புகிறது. சிறியவை முதலில், பெரியவை கடைசியில். பெரிய அலகுகள் எழுவதற்கு வலுப் பயிற்சியில் முக்கியமாக இரண்டு வழிகள்: தூக்கும் பளு கனமாக இருக்க வேண்டும், அல்லது இலேசான பளுவையே சிறிய அலகுகள் களைத்துப் போகும்வரை தூக்க வேண்டும். நாற்பது முறை செய்ய முடிகிற ஒன்றைப் பத்து முறை செய்து நிறுத்தும் நோயாளியிடம் இந்த இரண்டுமே நடப்பதில்லை. ஆனால் தடுமாறும்போது சட்டென்று காலை ஊன்றவும், தாழ்வான இருக்கையிலிருந்து எழவும் தேவைப்படுவது அந்தப் பெரிய அலகுகள்தான். வீட்டில் இழுத்துப் பயிற்சி செய்யும் இலேசான எலாஸ்டிக் பேண்ட் மட்டும்தான் இருக்கிறது என்றால் "10 தடவை" என்று எழுதாதீர்கள். "இன்னும் இரண்டு முறைதான் முடியும் என்று தோன்றும்வரை" என்று எழுதுங்கள். அப்படிச் செய்தால் தசையின் பருமன் கூடும். அதிகபட்ச வலு கூடுவதற்குக் கனமான பளுவே மேல்.

நேராகக் காலைத் தூக்கும் பயிற்சியை எடுத்துக்கொள்வோம். முழங்கால் அறுவைக்குப் பிறகு இது இல்லாத தாளே கிடையாது. 60 கிலோ எடையுள்ளவரின் ஒரு கால் முழுவதும் ஏறத்தாழ 10 கிலோ. அந்தப் 10 கிலோவையும் தூக்குவது இடுப்பை மடக்கும் தசைகள். முழங்காலை நீட்டும் முன்தொடைத் தசை தாங்குவது முழங்காலுக்குக் கீழே உள்ள சுமார் 3.6 கிலோவை மட்டுமே. அந்த எடையின் மையம் முழங்காலிலிருந்து ஏறக்குறைய 25 செ.மீ. தள்ளி இருக்கிறது, ஆக முழங்காலில் விழும் முறுக்கு விசை 9 நியூட்டன் மீட்டர் அளவுதான். ஆரோக்கியமான முன்தொடைத் தசை 100 நியூட்டன் மீட்டருக்கும் மேல் கொடுக்கக்கூடியது. அறுவைக்குப் பின் முதல் சில நாட்களில், தசையை நரம்போடு மறுபடி பழக்க இது போதும். ஆறாவது வாரத்திலும் இதே பயிற்சி, இதே பத்து முறை என்றால் அது வலுப் பயிற்சி ஆகாது, வெறும் அசைவு. தூக்கும்போது முழங்கால் சற்று மடங்கித் தொங்குகிறதா என்றும் பாருங்கள். தொங்கினால் இடுப்புத் தசை காலைத் தூக்கிக்கொண்டு போகிறது, முன்தொடைத் தசை வேலையில் சேரவில்லை என்று பொருள்.

அது சேராததற்குப் பெரும்பாலும் முழங்காலுக்குள் தேங்கும் நீர்தான் காரணம். மூட்டு வீங்கும்போது முன்தொடைத் தசைக்குப் போகும் கட்டளையை முதுகுத்தண்டே அனிச்சையாகக் குறைத்துவிடுகிறது. வலியே இல்லாவிட்டாலும் இது நடக்கும். "நன்றாக முயற்சி செய்யுங்கள்" என்று நோயாளியை அதட்டிப் பயனில்லை. வீக்கத்தைக் குறைப்பது, மின்தூண்டல் வைத்துக்கொண்டே தசையை இறுக்கச் சொல்வது, அதன் பிறகே பளு என்று வரிசையை எழுத வேண்டும். தசையை இறுக்கிப் பிடிக்கும் இந்த ஆரம்பகாலப் பயிற்சியை மட்டும் ஒரு நாளில் பல வேளை செய்யலாம். அங்கே "தினமும் இரு வேளை" பொருத்தமே.

மற்றபடி அந்த "இரு வேளை" எங்களுக்குப் பெரிய சந்தேகத்தைக் கிளப்பும் சொல். காலையும் மாலையும், வாரம் ஏழு நாளும் செய்ய முடிகிறதென்றால் பளு போதவில்லை என்பதுதான் முதல் ஊகமாக இருக்க வேண்டும். வலுவுக்கான பளு ஒரு முறை மட்டுமே தூக்க முடிகிற அதிகபட்சத்தில் 60 முதல் 70 விழுக்காடு; 8 முதல் 12 தடவை; செட்டுகளுக்கு நடுவே 2 முதல் 3 நிமிடம் ஓய்வு; ஒரு தசைத் தொகுதிக்கு வாரம் 2 அல்லது 3 நாள். நெடுநாள் படுக்கையில் இருந்தவர்களும் வயதானவர்களும் 40 முதல் 50 விழுக்காட்டில் தொடங்கலாம். தொடங்கிய இடத்திலேயே நிற்கக்கூடாது. விதிவிலக்கு உண்டு. குதிகால் தசைநாண் வலிக்கு 1998-இல் ஆல்ஃப்ரெட்சன் வெளியிட்ட முறை, கெண்டைக்கால் தசையை மெல்ல இறக்கும் பயிற்சியை 15 தடவை, 3 செட், தினமும் இரு வேளை, 12 வாரம் செய்யச் சொல்கிறது. அதிலும் வலி தணிந்ததும் முதுகுப் பையில் எடையைச் சேர்க்க வேண்டும் என்பது முறையின் ஒரு பகுதி. பல தாள்களில் அந்த வரியைக் காணோம்.

பளுவை எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரே முறை தூக்கும் அதிகபட்சத்தை நோயாளியிடம் நேரடியாகச் சோதிக்க வேண்டியதில்லை; பலருக்கு அது ஆபத்தும்கூட. ஒரு மிதமான பளுவைக் கொடுத்து, ஒழுங்கு குலையாமல் எத்தனை முறை முடிகிறது என்று எண்ணுங்கள். அந்த எண்ணிக்கையை 30-ஆல் வகுத்து, ஒன்றைக் கூட்டி, பளுவால் பெருக்கினால் அதிகபட்சம் வந்துவிடும். 6 கிலோவைப் பத்து முறை தூக்கினால் அதிகபட்சம் 8 கிலோ. அதில் 70 விழுக்காடு ஐந்தரைக் கிலோவுக்குச் சற்று மேல். பன்னிரண்டு தடவைக்கு மேல் போனால் இந்தக் கணக்கை நம்பக்கூடாது. பளுவைக் கூட்டி, ஓய்வு கொடுத்து மறுபடி சோதிக்க வேண்டும். கணக்கே வேண்டாம் என்றால் செட் முடிந்ததும் ஒரு கேள்வி போதும்: "இன்னும் எத்தனை முறை முடியும்?" இரண்டு, மூன்று என்றால் பளு சரி. ஐந்துக்கு மேல் என்றால் இலேசு. புதிதாகத் தொடங்குபவர்கள் தங்களால் முடிவதைக் குறைத்தே சொல்வார்கள். ஆகவே முதல் வாரத்தில் ஒரு முறையாவது தெரபிஸ்ட் பக்கத்தில் நின்று, உண்மையில் எங்கே நிற்கிறார்கள் என்று பார்த்துவிட வேண்டும்.

கிலோவை எழுதினால் மட்டும் போதாது, எங்கே கட்ட வேண்டும் என்றும் எழுத வேண்டும். 2 கிலோ எடைப்பட்டையை முழங்காலிலிருந்து 40 செ.மீ. தள்ளிக் கணுக்காலில் கட்டினால் முறுக்கு விசை ஏறத்தாழ 8 நியூட்டன் மீட்டர். நடுக்காலில், 20 செ.மீ.யில் கட்டினால் பாதிதான். உட்கார்ந்து காலை நீட்டும்போது இன்னொன்றும் நடக்கிறது: கால் செங்குத்தாகத் தொங்கும் நிலையில் எடைப்பட்டை முழங்காலுக்குக் கொடுக்கும் எதிர்ப்பு பூஜ்யம், கால் முழுதாக நீளும்போதுதான் உச்சம். அறுவைக்குப் பின் தசை மிகவும் பலவீனமாக இருப்பதும் அந்தக் கடைசிப் பாகையில்தான். "கடைசி வரை நீட்ட முடியவில்லை" என்று நோயாளி சொன்னால் சோம்பல் என்று எடுத்துக்கொள்ளாமல், எடையைக் குறைத்து முழு நீட்டலைப் பெறுங்கள்.

எலாஸ்டிக் பேண்டில் குழப்பம் இன்னும் அதிகம். "பச்சை பேண்ட்" என்று எழுதுவது அளவாகாது. நிறத்துக்கும் இறுக்கத்துக்கும் உள்ள தொடர்பு தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும். பேண்டின் எதிர்ப்பைத் தீர்மானிப்பது அது தன் நீளத்தில் எத்தனை விழுக்காடு நீள்கிறது என்பது. 1 மீட்டர் பேண்டை 2 மீட்டருக்கு இழுத்தால் 100 விழுக்காடு நீட்சி. அதே பேண்டை 50 செ.மீ.யில் பிடித்து அதே ஒரு மீட்டர் தூரம் இழுத்தால் 200 விழுக்காடு. நோயாளி வீட்டில் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டாலே பயிற்சி இலேசாகிவிடும். தனக்கு வலு கூடிவிட்டது என்று நினைத்துக்கொள்வார். பிடிக்கும் இடத்தில் பேனாவால் கோடு போட்டுக் கொடுங்கள், நிற்கும் தூரத்தைத் தாளில் எழுதுங்கள். ஓரத்தில் சிறு கீறல் இருந்தாலும் அந்தப் பேண்டைத் தூக்கிப்போடச் சொல்லுங்கள். இழுவையில் அறுந்தால் முகத்தில்தான் அடிக்கும். இரப்பர் ஒவ்வாமை உள்ளதா என்று கேட்காமல் கொடுக்க வேண்டாம்.

எந்தக் கருவியும் இல்லாதவருக்கு நாற்காலியே பளு. இருக்கை உயரம் கூடினால் பயிற்சி இலேசு, குறைந்தால் கனம். 55 செ.மீ. உயரத்தில், கைப்பிடியைப் பிடித்துத் தொடங்கலாம். 8 முதல் 12 தடவை எளிதாகிவிட்டால் கையை விட வேண்டும்; அடுத்து ஐந்தைந்து செ.மீ. ஆகக் குறைத்து வழக்கமான நாற்காலியின் 43, 45 செ.மீ. வரை, அதன் பிறகு மார்போடு ஒரு எடையை அணைத்துக்கொண்டு, அப்புறம் அறுவை செய்த காலைச் சற்றுப் பின்னே வைத்து, அதன் மேல் பாரம் கூடும்படி. இந்தப் பயிற்சியில் வழக்கமாக நடக்கும் தவறு கண்ணுக்கு எளிதில் தெரியாது: நோயாளி நல்ல காலை ஊன்றியே எழுந்துவிடுவார். இருபது முறை எழுவார், அறுவை செய்த காலுக்குப் பயிற்சியே கிடைத்திருக்காது. ஒவ்வொரு காலுக்கும் கீழே ஒரு எடைக் கருவி வைத்துப் பாருங்கள். இரண்டு முள்ளும் காட்டும் வித்தியாசத்தை நோயாளியே பார்க்கட்டும். விலையுயர்ந்த சாதனம் எதுவும் இதற்கு வேண்டாம்.

கூட்டும் விதி எளியது. நிர்ணயித்த எண்ணிக்கையை விட ஒன்றிரண்டு முறை கூடுதலாக, அடுத்தடுத்த இரண்டு பயிற்சி நாட்களில் செய்ய முடிந்தால் பளுவை 2 முதல் 10 விழுக்காடு கூட்டலாம். நடைமுறைச் சிக்கல் எடைகளில்தான். 5 கிலோவுக்குப் பத்து விழுக்காடு என்பது அரைக் கிலோ. பல துறைகளில் 1 கிலோவுக்கு அடுத்து 2 கிலோதான் இருக்கிறது. அந்தத் தாவல் இரு மடங்கு. தோள்பட்டைக்கு அதைச் செய்தால் தசைநாண் வீங்கிக்கொள்ளும், பிறகு "பளு ஒத்துக்கொள்ளவில்லை" என்று கோப்பில் எழுதப்படும். அரைக் கிலோ, கால் கிலோ எடைகளை வாங்கி வையுங்கள். அதுவரை எண்ணிக்கையை 15 வரை உயர்த்திவிட்டு, பளுவைக் கூட்டும் நாளில் 8-க்கு இறங்கலாம்.

எத்தனை வாரம்? முதல் சில வாரங்களில் கூடும் வலுவில் பெரும்பங்கு நரம்பு மண்டலம் கற்றுக்கொள்வதால் வருவது. தசையின் பருமன் கண்ணுக்குத் தெரியும்படி கூட 6 முதல் 8 வாரம் ஆகும். சிகிச்சையை ஆறாவது வாரத்தில் முடித்துவிடுவது, பருமன் கூடத் தொடங்கும் நேரத்தில் கையை விடுவதாகும். 12 வாரத்துக்கான திட்டத்தை முதல் நாளே எழுதிவிட்டு, இடையில் நேரில் வரும் தேதிகளை அதில் குறியுங்கள்.

அளப்பது பற்றியும் ஒரு வார்த்தை. கையால் எதிர்த்துப் பார்த்து 0 முதல் 5 வரை தரம் போடும் முறை, நரம்புக் காயத்தில் தசை உயிர்ப்போடு இருக்கிறதா என்று அறியச் சிறந்தது. வலுப் பயிற்சியைப் பின்தொடர அது உதவாது. நாலாம் தரம் என்பதற்குள்ளேயே மிகப் பெரிய வீச்சு அடங்கிவிடுகிறது; முன்தொடைத் தசையை ஒரு தெரபிஸ்டின் கை ஒருபோதும் வெல்லாது, ஆகவே பாதி வலு இழந்தவரும் "5/5" வாங்கிவிடுவார். கையில் அடங்கும் டைனமோமீட்டரை (விசையை அளக்கும் கருவி) பட்டையால் கட்டிலோடு கட்டி அளக்கலாம். அதுவும் இல்லையென்றால் ஒரு ஸ்டாப்வாட்ச் போதும். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு ஐந்து முறை எழுந்து உட்கார 12 விநாடி அல்லது அதற்கு மேல் ஆவதை, ஆசியத் தசை நலிவுப் பணிக்குழு 2019-இல் செயல்திறன் குறைவின் அடையாளமாக வைத்தது. கைப்பிடி வலுவில் ஆண்களுக்கு 28 கிலோ, பெண்களுக்கு 18 கிலோ. அதற்குக் கீழே போனால் குறைவு. கெண்டைக்காலுக்கு ஒற்றைக் காலில் குதிகாலை உயர்த்தச் சொல்லி எண்ணுங்கள். 25 முறை என்பது வழக்கமான இலக்கு. மறு காலோடு ஒப்பிடுவது நல்லதே. ஆனால் மாதக்கணக்கில் நடமாட்டம் குறைந்தவரின் நல்ல காலும் நலிந்திருக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

தாங்குதிறன் வேறு கணக்கு. முதுகை நிமிர்த்தும் தசைகள் நாள் முழுக்க இலேசான விசையில் நின்று உழைப்பவை. அங்கே 15 முதல் 25 தடவை, பாதிக்கும் குறைவான பளு, ஒரு நிமிடத்துக்கு உட்பட்ட ஓய்வு. மூச்சுத்திணறல் நோயாளிகளுக்கும் இது தேவை, ஆனால் அவர்களின் கால்களுக்கு வலுப் பயிற்சியும் சேர்ந்தே வேண்டும். எந்தத் தடவையில் உடல் கோணுகிறதோ அதோடு எண்ணிக்கை முடிந்தது.

பளுவை எழுதாததற்குப் பின்னால் பயம் இருக்கிறது என்பதை அறிவோம். வயது அதில் முதலாவது. 1990-இல் வெளியான ஓர் ஆய்வில், பராமரிப்பு இல்லத்தில் இருந்த, சராசரியாக 90 வயதான பத்துப் பேர் அதிகபட்சத்தில் 80 விழுக்காடு பளுவோடு எட்டு வாரம் முன்தொடைப் பயிற்சி செய்தார்கள். வலு சராசரியாக 174 விழுக்காடு கூடியது. பக்கவாதத்தில் பளு கொடுத்தால் தசை இறுக்கம் மோசமாகும் என்ற பழைய தடைக்கும் ஆய்வுகளில் ஆதாரம் கிடைக்கவில்லை.

இரத்த அழுத்தம் பற்றிய பயம் நியாயமானது. 1985-இல், உடற்கட்டு வீரர்கள் மூச்சை அடக்கி இரு கால்களாலும் கனமான பளுவைத் தள்ளும்போது தமனிக்குள்ளேயே அளந்தார்கள். சராசரி உச்சம் 320/250. ஆகவே "தூக்கும்போது வாய்விட்டு எண்ணுங்கள்" என்பதைத் தாளிலேயே அச்சடிக்க வேண்டும். எண்ணுகிறவரால் மூச்சை அடக்க முடியாது. ஓய்வு நிலையில் 180/110-ஐத் தாண்டியிருந்தால் அன்றைக்குப் பளு வேண்டாம், மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

வலிக்கும் ஒரு எல்லை எழுதுங்கள். நாட்பட்ட தசைநாண் வலியில், பத்துக்கு ஐந்து வரை வலி பொறுக்கலாம். மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும், வாரத்துக்கு வாரம் ஏறக்கூடாது. அறுவை செய்த மூட்டில் வலியை விட வீக்கத்தை நம்புங்கள்: பயிற்சிக்கு மறுநாள் முழங்கால் சுற்றளவு தெளிவாகக் கூடியிருந்தால் பளுவைக் குறைக்க வேண்டும். ஒன்று முதல் மூன்று நாள் இருந்து தானாகப் போகும் தசை நோவு வேறு, அதற்காக நிறுத்த வேண்டாம். தசை கல்லாகி, சிறுநீர் கருந்தேநீர் நிறத்தில் போனால் அன்றே மருத்துவமனைக்கு வர வேண்டும் என்ற வரி கட்டாயம் இருக்க வேண்டும்.

எல்லோருக்கும் ஒரே விதி என்று நாங்கள் சொல்லவில்லை. தோளில் கிழிந்த தசைநாணைத் தைத்தவருக்கு எதிர்ப்புப் பயிற்சி பொதுவாக 12 வாரத்துக்கு முன் இல்லை. அறுவை மருத்துவரின் வரம்பே இறுதி. முழங்காலுக்குள் இருக்கும் முன் சிலுவைத் தசைநாரின் (ஏசிஎல்) மறுசீரமைப்பில், உட்கார்ந்து பளுவோடு காலை நீட்டும்போது கடைசி 30 பாகையில் புதுத் தசைநாரின் மேல் இழுவை கூடுவதால், தொடக்க வாரங்களில் 90 முதல் 45 பாகைக்குள் நிறுத்த வேண்டும். டூஷென் தசைச் சிதைவில் கனமான பளுவும், பளுவை மெல்ல இறக்கும் பயிற்சியும் கூடாது. போலியோவின் பின்விளைவு உள்ளவர்களிடமும் கில்லன் பாரே என்ற நரம்பு நோயிலிருந்து மீள்பவர்களிடமும் களைப்பு மறுநாளும் நீடித்தால் அளவு மிஞ்சிவிட்டது என்று பொருள்.

ஒரு பயிற்சிக்கு எவ்வளவு எழுத வேண்டும் என்று கேட்பீர்கள். இவ்வளவுதான்:

"உட்கார்ந்து வலது காலை நீட்டுதல். கணுக்காலுக்குச் சற்று மேலே 3 கிலோ. தூக்க 2 விநாடி, மேலே 1 விநாடி, இறக்க 3 விநாடி. 10 தடவை, 3 செட், நடுவே 2 நிமிடம். திங்கள், புதன், வெள்ளி. வாய்விட்டு எண்ணவும். கடைசி செட்டில் 12 முடிந்தால், அடுத்த முறையும் 12 முடிந்தால், 3.25 கிலோ. மறுநாள் முழங்கால் வீங்கினால் 2.5 கிலோ, வீக்கம் வடியாவிட்டால் போன் செய்யவும்."

இதைக் கையால் எழுத இரண்டு நிமிடம் ஆகும். ஆகவே பயிற்சிகளின் எண்ணிக்கையைக் குறைத்துவிடுங்கள். பன்னிரண்டு படங்கள் உள்ள தாளை விட, பளு எழுதிய மூன்று பயிற்சிகள் நோயாளிக்கு அதிகம் பயன்படும். பன்னிரண்டையும் அவர் செய்யப்போவதும் இல்லை. ஆய்வுக் கட்டுரைகளில் பயிற்சியை எப்படி விவரிக்க வேண்டும் என்று 2016-இல் 16 அம்சப் பட்டியல் ஒன்று வந்தது. கட்டுரை வாசகருக்குத் தரும் விவரத்தை நோயாளிக்குத் தராமல் இருப்பதற்குக் காரணம் எதுவும் எங்களுக்குத் தெரியவில்லை.

முதல் வேலையாக, உங்கள் துறையில் கடந்த மாதம் சிகிச்சை முடிந்த இருபது பேரின் கோப்புகளை எடுத்துப் பாருங்கள். முதல் நாள் பளு, கடைசி நாள் பளு என்று இரண்டு எண்கள் எத்தனை கோப்புகளில் இருக்கின்றன என்று எண்ணுங்கள். அந்த எண்ணிக்கையைத் துறைக் கூட்டத்தில் வையுங்கள். மூன்று மாதம் கழித்து மறுபடி எண்ணுங்கள்.

இப்படிக்கு,
வலுப் பயிற்சியில் பணிபுரியும் பிசியோதெரபிஸ்டுகள்